முப்பத்தொரு பேரை வெளியே ஓட்டிய ஏப்பம்

நோவா ரிட்ஜில் பிறக்கிற குழந்தைக்கு அம்மாவின் வாசனைக்கு அடுத்தபடியாகத் தெரிகிற வாசனை அழுகிய முட்டைதான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. ஆல்பர்ட்டா மாகாணத்தின் அந்தப் பக்கத்தில் தரைக்கு அடியில் கிடக்கிற வாயுவுக்கு அந்த நாற்றம். கனோலா எண்ணெய்விதை வயலுக்கு நடுவே கிணறு தோண்டி அதை எடுக்கிறார்கள். கசிந்தால் இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் அந்த ஊரில் மூக்கில் முட்டை நாற்றம் பட்டால் "என்னது இது?" என்று கேட்டுக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும், போனதும் தலைகளை எண்ண வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே இதைப் பழக்கிவிடுகிறார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஹலீனா போட்னாருக்கு ஐம்பத்தாறாவது வயதில் அழுகிய முட்டை ஏப்பம் வர ஆரம்பித்தது. கடவுளுக்கு வேறு ஊரே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

முதல் மாதம் ஏதோ சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்தாள். மூன்றாவது மாதம் டாக்டரிடம் போனாள். மலத்தைச் சோதித்தார்கள், மூச்சை ஊதச் சொல்லிச் சோதித்தார்கள், எட்மன்டன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பித் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, "மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டார் பெரிய டாக்டர். இருந்த ஒரே கவலை இந்த ஏப்பம்தான். அதைச் சொன்னதற்கு அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவளே தனக்கு டாக்டரானாள். முட்டையை நிறுத்தினாள், முட்டைக்கோஸை நிறுத்தினாள், பூண்டு, பால், கோதுமை என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து இறக்கினாள். சோடா மாவைக் கரைத்துக் குடித்தாள். ரோஸ் நிற மருந்தைக் குடித்து நாக்கு கறுத்ததுதான் மிச்சம். எதை நிறுத்தினாலும் ஒரு வாரம் அடங்கும், எட்டாம் நாள் வட்டியோடு வரும். அது உக்ரேனியர்கள் குடியேறிய ஊர். அவர்கள் வீட்டு விருந்தில் போய் பூண்டு சாசேஜ் வேண்டாம், முட்டைக்கோஸ் சுருள் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் அவள் பட்ட பாடு. சமைத்தவள் முகம் சுண்டிப்போகும். "எங்க வீட்டுச் சாப்பாடு உனக்கு இறங்காதா?" என்று கேட்பாள். ஹலீனா விருந்துகளுக்குப் போவதை விட்டாள்.

மறைப்பதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். எங்கே போனாலும் கதவோரம் உட்காருவாள். கழுத்தில் எப்போதும் தடித்த சால்வை. நெஞ்சுக்குழியில் அந்தக் கனம் ஏறுவது தெரிந்ததும் எதையோ மறந்தவள் போல எழுந்து வெளியே போய்விடுவாள். பனியில் நின்று ஏப்பம் விட்டுவிட்டு, பத்து எண்ணி, மறுபடி உள்ளே வருவாள். ஈஸ்டருக்கு முன்னால் பாவமன்னிப்புக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கு ஒன்று தோன்றும். ஏப்பம் பாவமில்லை. பாவமாக இருந்திருந்தால் பாதிரியாரிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவள் நிஜமாகவே வெட்கப்பட வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது புருஷனிடம் சொன்ன பொய்.

நெஸ்டர் வாயு ஆலையில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழாய் மாட்டுகிற உரிமமும் உண்டு. ஊரில் யார் வீட்டு அடுப்புக் குழாயாக இருந்தாலும் அவர் கை பட்டதென்றால் இன்ஸ்பெக்டர் பாதி பார்த்துவிட்டுப் போய்விடுவார். அந்த மனிதர் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே இந்த நாற்றத்தை விடுவதா? ஹலீனாவால் முடியவில்லை. "உன் குறட்டை தாங்கல, நெஸ்டர். நான் அந்த ரூம்ல படுத்துக்கறேன்" என்று தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் வாதாடவில்லை. இரண்டே மாதத்தில் டாக்டரிடம் போய் மூக்கில் மாட்டுகிற குறட்டை இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். அதன் வார் கன்னத்தில் தடம் போட்டிருக்க, காலையில் காப்பிக் கோப்பையோடு நின்று, "நேத்து எப்படி? குறைஞ்சிருக்கா?" என்று கேட்பார். "இன்னும் கொஞ்சம் கேக்குது" என்பாள் இவள். இரண்டு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். சொல்லி முடிக்கும்போதெல்லாம் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருக்கும். ஆனாலும் மறுநாளும் அதையேதான் சொல்வாள்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு வந்தது. நோன்பு வெள்ளிக்கிழமைகளில் சர்ச் கூடத்தில் பிரோகி விருந்து. உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் பிசைந்து, மாவு வட்டத்துக்குள் வைத்து, கொழுக்கட்டை மாதிரி ஓரத்தைக் கிள்ளி மூடி, வெந்நீரில் போட்டு எடுத்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தைக் கொட்டிக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை விருந்துக்குப் புதன்கிழமையே பெண்கள் கூடி நூற்றிருபது டஜன் கிள்ளிவிடுவார்கள். கிள்ளுவதற்கு வராதவளை ஸ்டெஃபா சும்மா விட மாட்டாள். எழுபது வயது ஸ்டெஃபாதான் அந்தக் கூடத்துச் சமையலுக்கு ராணி. அவள் மாவைப் பிசைந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கிள்ள வேண்டும் என்பது சட்டம். வாயை மட்டும் யாரும் மூடுவதில்லை.

அந்தப் புதன்கிழமை ஹலீனா வழக்கம்போலக் கதவோரம் உட்கார்ந்தாள். அவளை ஹல்கா என்று செல்லமாகக் கூப்பிடுகிற ஸ்டெஃபா விடவில்லை.

"ஹல்கா, என்னடி அங்க போய் ஒட்டிக்கிட்டே? நடு மேசைக்கு ஆள் இல்ல. எழுந்து வா."

"இங்க காத்து நல்லா இருக்கு, ஸ்டெஃபா."

"வெளிய மைனஸ் இருபத்திரண்டு. உனக்குக் காத்து கேக்குதா? வந்து ஐரீன் பக்கத்துல உக்காரு."

ஐரீன் என்றதும் ஹலீனா சால்வையை இறுக்கிக்கொண்டாள். ஊரிலேயே கூர்மையான மூக்கு ஐரீனுடையது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி கிணற்றடியில் அந்த வாயுவில் செத்தான். ஆஸ்பத்திரியில் அந்த நாற்றம் மாறாத அவன் உடுப்பை ஒரு பையில் போட்டு ஐரீன் கையில்தான் கொடுத்தார்கள். அதிலிருந்து அவள் மூக்கை ஊரில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

ஹலீனா நடு மேசைக்குப் போனாள். போனது போதாதென்று ஸ்டெஃபா ஒரு கரண்டி மசியலை அவள் வாய்க்கு நேரே நீட்டினாள். "உப்பு பாரு." முப்பது பேர் பார்க்க, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கி விழுங்கினாள். வெங்காயம், வெண்ணெய், தயிர்க்கட்டி. அவள் வயிறு வெறுக்கிற எல்லாமே அந்த ஒரு கரண்டியில் இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. பக்கத்தில் ஒருத்தி தன் மருமகன் புது டிரக்கைப் பள்ளத்தில் விட்ட கதையைச் சொல்ல எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போக வழியில்லை, இரு பக்கமும் நாற்காலிகள். ஹலீனா சால்வைக்குள் வாயைப் புதைத்து, சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

ஐரீனின் கை நின்றது. கையிலிருந்த மாவு வட்டத்தை மெதுவாகத் தட்டில் வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கேஸ்" என்றாள்.

சிரிப்பு அப்படியே அடங்கியது. யாரும் கத்தவில்லை, யாரும் கோட்டைத் தேடவில்லை. ஒருத்தி அடுப்பை அணைத்தாள், இன்னொருத்தி கதவை விரியத் திறந்து வைத்தாள், முப்பத்தொரு பெண்களும் மாவுக் கையோடு பனியில் இறங்கிக் காற்றுக்கு எதிராக நடந்து கார்களுக்குப் பின்னால் போய் நின்றார்கள். ஸ்டெஃபா எண்ணினாள். இரண்டு முறை எண்ணினாள். ஹலீனாவை இருபத்தாறு என்று சொல்லித் தோளில் தொட்டாள்.

தொட்ட அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். "அது நான்தான்" என்று இரண்டே வார்த்தை. ஆனால் எழுபது வயது ஸ்டெஃபா மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறாள், ஐரீன் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறாள், தீயணைப்பு வண்டி சைரன் கேட்கிறது. இத்தனைக்கும் காரணம் என் ஏப்பம் என்று எந்த வாயால் சொல்வது? ஹலீனா அந்த வாயைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

வந்தவர்கள் கேஸ் அளக்கிற மீட்டரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் வந்தார்கள். பூஜ்யம். ஆனால் கதவு பதினைந்து நிமிஷமாகத் திறந்து கிடந்தது, இருந்தது எல்லாம் காற்றோடு போயிருக்கும் என்றார்கள். ஐரீனுக்கு வந்த நாற்றம் பொய்யாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடத்தைச் சூடாக்குகிற ஃபர்னஸ் ஓடுவதும் கேஸில்தான், கசிந்தால் தெரியட்டும் என்று அதிலும் அதே மாதிரி நாற்றத்தைக் கலந்திருப்பார்கள். கூடத்துக் கமிட்டித் தலைவர் வால்டர் வந்து சேர்ந்தார். பின்னாலேயே நெஸ்டரும் வந்தார்.

"போன இலையுதிர் காலத்துல அந்த ஃபர்னஸை நீதானே மாட்டினே, நெஸ்டர்?"

"ஆமா. நான்தான்."

"இலவசமா செஞ்சேங்கறதுக்காக நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. ஆனா முப்பத்தொரு பொம்பளைங்கப்பா."

நெஸ்டர் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஹலீனா அவர் முதுகைப் பார்த்தாள். அன்று அவள் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்க அவர் கூடத்தின் நிலவறையில் இருந்தார். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றினார், பசை பூசினார், மறுபடி மாட்டினார், சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று முட்டி போட்டுப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. வராத குமிழிக்காக இன்னும் ஒரு தடவை கழற்றினார். வெள்ளிக்கிழமை விருந்து ரத்து. திறந்து கிடந்த கூடத்தில் விறைத்துப்போன மாவை யாரோ பன்றிப் பண்ணைக்கு ஏற்றிப் போனார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டி கூடும், வெளியூர் ஆளை வரவழைப்பதைப் பற்றிப் பேசும் என்று சொல்லி அனுப்பினார் வால்டர். வெளியூர் ஆள் என்ற வார்த்தை நெஸ்டர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று ஹலீனாவுக்குத் தெரியும். அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவளும்தான்.

சனிக்கிழமை காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து சாவிக்கொத்திலிருந்து கூடத்துச் சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றே?"

"நாளைக்கு வால்டர்கிட்ட குடுத்துடறேன். இனிமே யார் வீட்டுக் குழாயையும் தொடறதில்ல."

"நெஸ்டர், கசிவு எங்கயுமே இல்லையே. நீதானே பாத்தே?"

"இருந்தா எனக்குத் தெரியாது, ஹல்கா. அதான் விஷயம்." சாவியை மேசையில் வைத்தார். "எனக்கு மூக்கு செத்துப் போச்சு. ஆலையில கடைசி அஞ்சாறு வருஷமாவே. அந்த கேஸ்தான் தின்னுடுச்சோ என்னவோ. காப்பி மணம் தெரியாது, டீசல் தெரியாது, ஒண்ணும் தெரியாது. வெளிய சொன்னா ஆபீஸ் மேசையில உக்கார வெச்சிருப்பாங்க. மூக்கில்லாத கேஸ்காரன்னு சிரிச்சிருப்பாங்க. மீட்டர் இருக்கேன்னு ஓட்டிட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடப் போறேன்."

ஹலீனா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் அவளுக்கு வந்தது இரக்கமில்லை. இரண்டு வருஷம், இரண்டு தலையணை, தினமும் ஒரு பொய், இதெல்லாம் மணமே தெரியாத ஒரு மனிதருக்காகவா என்கிற ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே சொன்னாள்.

"அது நான்."

"எது?"

"அந்த நாத்தம். கூடத்துல. கேஸ் இல்ல, என் வயிறு. என் ஏப்பம். ரெண்டு வருஷமா இப்படித்தான்."

நெஸ்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "என்னைத் தேத்தறதுக்கு வேற நல்ல பொய் கிடைக்கலையா உனக்கு?"

அவள் ஏப்பம் வேண்டாத இடத்திலெல்லாம் வரும், இப்போது வேண்டியபோதும் வந்தது. ஹலீனா சால்வையை இழுக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இன்னொரு மனிதர் முன்னால் வாயைத் திறந்து விட்டாள். அவளுக்கே குமட்டியது. நெஸ்டர் கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"சத்தம் கேட்டுது" என்றார். "மத்தது நீ சொன்னா நம்பறேன்."

பிறகு அவர் மூக்குத்தண்டில் இயந்திரம் போட்ட தடத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அப்போ என் குறட்டை?"

"இருந்துச்சு. ஆனா அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்ததில்ல."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவர் திட்டவில்லை. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, பனியே விழாத வாசலை மண்வெட்டியால் அரை மணி நேரம் சுரண்டினார். திரும்பி வந்து, "நாளைக்கு நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார். "பொம்பளைங்க வாயில விழுந்தா சாகற வரைக்கும் விட மாட்டாங்க. என்கிட்ட இருக்கறது ஒரு சாவி. அது போனா போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஃபர்னஸ் அணைந்திருந்தது. எல்லாரும் கோட்டுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். வால்டர் ஏதேதோ சொல்லிவிட்டு, "நெஸ்டர் ஏதோ பேசணும்னார்" என்று உட்கார்ந்தார். நெஸ்டர் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவர் தொண்டையைச் செருமிய அந்த இடைவெளியில் ஹலீனா எழுந்தாள்.

"நெஸ்டர் மேல தப்பில்ல. குழாய் மேலயும் தப்பில்ல." சால்வையைக் கழுத்துக்குக் கீழே இறக்கினாள். "புதன்கிழமை வந்த நாத்தம் என்கிட்டேருந்து வந்தது. எனக்கு ஏப்பம் அப்படித்தான் வரும், அழுகின முட்டையா. டாக்டருக்குக் காரணம் தெரியல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். வெட்கமா இருந்துச்சு. உங்களையெல்லாம் பனியில நிக்க விட்டுட்டேன். என் புருஷனையும்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அதைத் தொடர்ந்து ஆண்கள் பக்கம் சிரிப்பு ஓடியது. ஹலீனாவுக்குக் காது மடல்வரை சுட்டது.

"அடிப்பாவி" என்றாள் ஸ்டெஃபா. "நூத்திருபது டஜன் மாவுடி. கதவோரமே கெடன்னு விட்டிருப்பேனே. வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?"

"அதுக்குள்ள அவ வாயைத் திறந்துட்டாளே" என்றார் வால்டர். மறுபடி சிரிப்பு. வால்டரே நெஸ்டரிடம் போய், விரல்களை மடக்கிச் சாவியை அவர் கைக்குள்ளேயே மூடினார். "போய் ஃபர்னஸைப் போடுய்யா, குளிர்ல விறைக்குது" என்றார். நெஸ்டர் தன் மூக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவர், மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டு நிலவறைப் படியில் இறங்கினார்.

ஐரீன் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்து ஹலீனாவுக்கு முன்னால் நின்றாள்.

"மளிகைக் கடையில, ரெண்டு கோடைக்கு முன்னாடி, நீ எனக்குப் பின்னாடி வரிசையில நின்னியா?"

ஹலீனா யோசித்தாள். "நின்னேன்."

"போஸ்ட் ஆபீஸ்ல?"

"இருக்கலாம்."

"மெலனி கல்யாணப் பூசையில, கோட்டு மாட்டற இடத்துல?"

"ஆமா. அது நான்தான்."

"நான் டாக்டர்கிட்ட போனேன்டி" என்றாள் ஐரீன். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். "செத்துப்போன என் தம்பியோட நாத்தம் எனக்குப் போற இடமெல்லாம் வருதுன்னு சொன்னேன். வேற யாருக்கும் வரலேன்னும் சொன்னேன். மாத்திரை குடுத்தாங்க. ஒண்ணரை வருஷமா முழுங்கறேன். எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு என் பொண்ணு என்னைத் தனியா கார் ஓட்ட விடறதில்ல."

ஹலீனா இதுவரை பட்ட வெட்கமெல்லாம் ஒரு வெட்கமே இல்லை என்று அப்போது தெரிந்தது. தன் மானத்தைத்தான் இரண்டு வருஷமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அந்த நாற்றம் கதவுக்கு வெளியே நிற்கிறது என்று நினைத்திருந்தாளே தவிர, அது யார் தலைக்குள் போய் என்ன செய்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளு" என்றாள் ஐரீன். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அடுத்த தடவை வரும்போது எனக்கு ஒரு கையைக் காட்டு. நான் எழுந்து ஓடாம இருக்கப் பாக்கறேன்."

கீழே ஃபர்னஸ் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பெண்கள் காப்பி போட எழுந்தார்கள். பயமோ அழுகையோ, எது கிளப்பியதென்று தெரியவில்லை, ஹலீனாவின் நெஞ்சுக்குழியில் கனம் ஏறியது. கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. அவள் எழவில்லை. கண்ணில் நீரோடு, எல்லாரும் பார்க்க, கையைத் தூக்கினாள்.

ஐரீன் மேசை விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நாற்றம் வந்தது. அவள் உடம்பு முழுவதும் நடுங்கியது, முழங்கால் மேசையில் இடித்தது. ஆனால் அவள் ஓடவில்லை.